கல்லூரிக்கு நிதி உண்டு, கல்லூரிக்குப் போகும் வழிக்கு நிதி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும், பெரும்பாலும் அக்டோபர் மாதத்தில், மலேசிய மக்களவையில் வரவு செலவுத் திட்டம் தாக்கலான மறுநாள், இந்திய சமுதாயத்துக்கு எவ்வளவு கிடைத்தது என்பதே நம் தமிழ் நாளிதழ்களில் தலைப்புச் செய்தியாகிறது. போதும் என்று சிலரும் போதவே போதாது என்று பலரும் அறிக்கை விடுகிறார்கள். பத்து நாளில் பேச்சு அடங்கிவிடுகிறது. அறிவிக்கப்பட்ட பணம் எந்த மாதத்தில், எந்தச் செலவுத் தலைப்பின் கீழ், யாருடைய கைக்கு வந்து சேர்கிறது, வந்து சேர்ந்த பிறகு தோட்டத்துப் பிள்ளையின் வாழ்க்கையில் என்ன மாறுகிறது என்று அதன்பின் கேட்பார் இல்லை. நான் தோட்ட அலுவலகத்தில் 31 ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்து செக்ரோல் என்னும் கூலிப் பதிவேடு எழுதியவன். ஓய்வுக்குப் பின் 12 ஆண்டுகளாகக் கெடா மாநிலத்தின் பாடாங் செராய் வட்டாரத்தில் ஒரு சிறிய சமூகநல இயக்கத்தின் பொருளாளராகக் கணக்குப் பார்த்து வருகிறேன். ஒரு வெள்ளி (ரிங்கிட்) எங்கே புறப்பட்டு எங்கே நின்றுவிடுகிறது என்று தேடிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டதால், இந்தக் கேள்வியைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சமூகக் கல்லூரிக்கு ஒதுக்கப்படும் பணம் உயர்கல்வி அமைச்சின் கணக்கில் போகிறது. உள்ளூர் இயக்கங்களுக்கான மானியம் வேறு அமைச்சு, வேறு பிரிவு, வேறு பாரம் வழியாக வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மாவட்டத்தில் ஒரு மேசை கிடையாது. தோட்டத்து வாசலிலிருந்து கல்லூரி வாசல் வரை ஆகும் செலவு இரண்டு கணக்கிலும் விடுபட்டுப் போகிறது. அதனால் கல்லூரியில் இடம் இருந்தும், பிள்ளைக்கு விருப்பம் இருந்தும், பெற்றோர் சம்மதித்தும், பிள்ளை வீட்டிலேயே நின்றுவிடுகிறது.

எங்கள் கூலிம் மாவட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா, இந்நாட்டில் அவ்வகையில் முதலாவது. இன்டெல் நிறுவனம் அங்கே இருக்கிறது; இன்பினியன் நிறுவனம் தன் மூன்றாவது சில்லு உற்பத்திக் கூடத்தை 2024 ஆகஸ்டில் அங்கே திறந்தது. அத்தகைய தொழிற்சாலைகளுக்குப் பட்டம் பெற்ற பொறியியலாளர்கள் சிலர் போதும். மின் இணைப்பு தெரிந்தவர்களும் குளிர்சாதனக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர்களும் இயந்திரப் பராமரிப்பாளர்களும்தான் நிறைய வேண்டும். இப்படிப்பட்ட தொழில்களைக் கற்றுக்கொடுப்பதற்காகவே 2001இல் 12 இடங்களில் சமூகக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. இன்று அவை நாடெங்கும் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. இடைநிலைப் பள்ளி முடிவில், படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் பெரிய புள்ளிகள் எடுக்காத பிள்ளையும் அங்கே நுழையலாம். மின்சாரம், வாகனப் பழுதுபார்ப்பு, குளிர்சாதனம், ரொட்டி அணிச்சல் தயாரிப்பு, தையல் என்று கைத்தொழிலோடு சான்றிதழ் கிடைக்கிறது. பெரியவர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. அரசாங்கமும் இத்துறையில் கையை இறுக்கவில்லை. திவேட் எனப்படும் தொழில்நுட்பத் தொழிற்பயிற்சிக் கல்விக்கு 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 7.5 பில்லியன் ரிங்கிட்டும், 2026ஆம் ஆண்டுக்கு 7.9 பில்லியன் ரிங்கிட்டும் ஒதுக்கப்பட்டன. தொழிற்சாலையும் கல்லூரியும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன, பணமும் இருக்கிறது. அப்படியிருந்தும் படிவம் ஐந்து முடித்த எங்கள் பிள்ளைகள் பெட்ரோல் நிலையத்திலும் பேரங்காடியிலும் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்றால், இடையில் எங்கோ ஒரு பாலம் அறுந்திருக்கிறது என்றுதானே பொருள்?

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் இயக்கத்தின் வேன் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன் வந்து நிற்கும். முன்பு தொழிலாளர்கள் விடியற்காலையில் கூடிப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களமாக இருந்த இடம் அது. மழைக்காலத்தில் அங்கே செம்மண் கணுக்கால் வரை ஏறும். மின்சாரப் பிரிவில் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை, பட்டறையில் கட்டாயம் அணிய வேண்டிய பாதுகாப்புக் காலணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலில் ரப்பர் சிலிப்பரோடு அந்தச் சேற்றில் நடந்து வருவாள். வேனில் ஏறியதும் பின் இருக்கையில் அமர்ந்து, அதற்கென்றே வைத்திருக்கும் பழைய துணியால் பாதங்களைத் துடைத்து, காலுறையை மாட்டி, காலணிக் கயிற்றை இரண்டு முறை இழுத்து முடிச்சுப் போடுவாள். மாலையில் இறங்கும்போது மறுபடியும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வாள். அந்தக் காலணி அவள் தந்தையின் இரண்டு நாள் கூலி. ஒரு பருவம் முழுவதும் அதன்மேல் ஒரு சொட்டுச் சேறு பட அவள் விட்டதில்லை.

இந்த வேன் இல்லாவிட்டால் அவள் எப்படிப் போவாள் என்று கேட்கலாம். உள்சாலையில் பேருந்து ஓடுவதில்லை. பெரிய சாலைக்கு வர நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே மோட்டார் சைக்கிள், விடியும் முன்பே அப்பாவோடு தோட்டக் காட்டு வேலைக்குப் போய்விடும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆகியிருப்பது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அரிசி, மருந்து, தம்பி தங்கையின் பள்ளிச் செலவு எல்லாம் போக, அந்தச் சம்பளத்தில் இன்னொரு மோட்டாருக்கு மாதத் தவணை கட்ட எந்தக் குடும்பத்தால் முடியும்? இருட்டோடு இருட்டாக ஒரு பெண்பிள்ளையைச் செம்பனைக்கு நடுவே தனியாக அனுப்பத் தாய்க்கு மனம் வருமா? விடுதியில் தங்கிக்கொள்ளலாமே என்பார்கள். விடுதி இல்லாத சமூகக் கல்லூரிகளும் உண்டு என்பதை அப்படிச் சொல்பவர்கள் விசாரித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் வேன் 11 பேர் அமரக்கூடிய பழைய நிசான் வானெட். ஓட்டுபவர் முன்பு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். பெட்ரோல், அவருக்குக் கொடுக்கும் சிறு தொகை, காப்புறுதி, சாலை வரி, சக்கரம், எண்ணெய் மாற்றம் எல்லாவற்றையும் ஆண்டு முழுவதும் பரப்பிப் பார்த்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 1,900 வெள்ளி ஆகிறது. மாணவர்களிடம் ஒரு சென்னும் வாங்குவதில்லை. வாங்கவும் கூடாது. 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி, கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றினால் அதற்கு உரிமம் எடுக்க வேண்டும். ஆகவே சந்தா, நன்கொடை, தீபாவளிக்கு முறுக்கு விற்ற பணம், கோயில் நிர்வாகம் மனமுவந்து கொடுக்கும் உதவி என்று சேர்த்துத்தான் ஓட்டுகிறோம். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு நன்கொடை கொடுப்பவர்களுக்கு வரிக்கழிவு உண்டு. எங்களைப் போன்ற சிறிய இயக்கத்துக்கு அந்த அங்கீகாரம் இல்லாததால், வசதியுள்ளவர்கள் கொடுக்கும் பெரிய தொகை எங்கள் பக்கம் திரும்புவதில்லை.

இனி மானியத்தின் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிதி அலுவலகத்துக்கு ஜனவரி மாதமே விண்ணப்பித்தோம். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது என் நோக்கம் இல்லையாதலால் அந்த அலுவலகத்தைக் குறிப்பிடவில்லை. கேட்டது வேன் செலவும், தோட்டத்து மண்டபத்தில் நடத்தும் மாலைக் கணித வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்களின் ஊக்கத்தொகையும்தான். மார்ச்சில் கூடுதல் ஆவணம் கேட்டார்கள், கொடுத்தோம். ஜூனில் அதிகாரி மாற்றலாகிப் போனதால் கோப்பை மறுபடியும் முதலிலிருந்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். ஜூலையில் வேனின் கியர் பெட்டி உடைந்தது. பழுது பார்க்கக் கையில் பணம் இல்லாமல் ஐந்து மாதம் வேன் கோயில் பின்புறம் நின்றது. அந்த ஐந்து மாதத்தில் மூன்று பிள்ளைகள் கல்லூரியிலிருந்து நின்றுவிட்டார்கள். ஒருவன் சில வாரம் நண்பனோடு தொற்றிக்கொண்டு போய்ப் பார்த்தான். பிறகு அதுவும் முடியவில்லை. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் எங்களுக்கு மானியம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. தொகை நாங்கள் கேட்டதைவிடக் குறைவில்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. பணத்தை ஆண்டு முடிவதற்குள் செலவு செய்து ரசீதுகளை ஒப்படைக்க வேண்டும். நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே செலவு செய்யலாம், வாகனத்துக்கும் சம்பளத்துக்கும் கூடாது.

செயலவை கூடிப் பேசினோம். திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன் நான். அனுப்பினால் அடுத்த ஆண்டு நம் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று மற்றவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானதே. கடைசியில் ஒருநாள் தன்முனைப்பு முகாம் நடத்தினோம். பதாகை அடித்தோம், சட்டை அடித்தோம், 120 பேருக்குச் சாப்பாடு போட்டோம். பேச வந்தவர் நன்றாகவே பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். முகாம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, படிப்பை நிறுத்திய மூவரில் ஒருவன், தனக்குக் கிடைத்த புதிய சட்டையோடு அங்கே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த ஆண்டின் கணக்கேட்டில் அந்தச் செலவை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. 31 ஆண்டு கிராணி வேலையில் தவறான கணக்கு எழுதச் சொன்னபோதெல்லாம் மறுத்தவன் நான். இந்தக் கணக்கில் ஒரு சென்கூடத் தவறில்லை. ஆனாலும் எழுத மனம் வரவில்லை.

ஆண்டு முடிவில் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்பது அரசாங்க நிதி நடைமுறை. அதைப் புரிந்துகொள்கிறேன், பொதுப் பணத்துக்கு ஒரு கெடு வேண்டும். ஆண்டு பிறந்தவுடன் கொடுக்கக்கூடிய பணத்தை ஆண்டு முடியும்போது கொடுப்பதுதான் எனக்குப் புரியவில்லை. அதைவிடவும் புரியாதது, அன்றாட நடைமுறைச் செலவைத் தீண்டத்தகாததாக ஒதுக்கும் வழக்கம். 2025ஆம் ஆண்டுக்கான நம் நாட்டு வரவு செலவுத் திட்டத்தின் மொத்தம் 421 பில்லியன் ரிங்கிட். அதில் 335 பில்லியன் நிர்வாகச் செலவுக்கு. 86 பில்லியன் மேம்பாட்டுச் செலவுக்கு. அதாவது ஐந்தில் நான்கு பங்கு, சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் வட்டிக்கும் உதவித்தொகைக்கும் பராமரிப்புக்குமாகப் போகிறது. அரசாங்கம் அப்படித்தான் நடக்க முடியும். மருத்துவமனையைக் கட்டிவிட்டால் போதாது, தாதியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். பொது இயக்கம் நடத்தும் மாலை வகுப்புக்கும் இதே நியாயம்தான். ஆசிரியருக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல் பதாகைக்கு மட்டும் பணம் இருந்தால், பதாகைதான் மிஞ்சும்.

வேறு நாட்டில் எப்படி என்று ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். என் தங்கையின் மகன், எனக்கு மருமகன் முறை, அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் வேலை பார்க்கிறார். அந்த மாநிலத்தில் 58 சமூகக் கல்லூரிகள் உள்ளன. கற்பிக்கும் செலவின் பெரும்பகுதியை மாநில அரசு ஏற்றுக்கொள்கிறது. கட்டடம், மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு ஆகியவற்றைக் கவுண்டி எனப்படும் வட்டார நிர்வாகம் ஏற்க வேண்டும் என்று சட்டமே வகுத்திருக்கிறது. ஜூலை முதல் தேதி அவர்களின் நிதியாண்டு தொடங்குகிறது. அதற்கு முன் கவுண்டியின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து, பொது விசாரணை நடத்திய பிறகே அதை நிறைவேற்ற முடியும். கல்லூரியின் தலைவரும் அங்கேதான் தன் கோரிக்கையை வைக்கிறார். முதியோருக்கு உணவு கொண்டுபோகும் இயக்கம் போன்றவையும் அதே கவுண்டி நிதியைத்தான் கேட்கின்றன. மருமகன் ஒருமுறை அப்படிப்பட்ட கூட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வந்து தொலைபேசியில் சொன்னார்: “மாமா, மைக்கைப் பிடித்து ஒரு பாட்டி ஒவ்வொரு தொகையாகக் கேட்கிறார், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.” கேட்டதெல்லாம் அங்கேயும் கிடைத்துவிடுவதில்லை. வெட்டும் உண்டு, இழுபறியும் உண்டு. ஆனால் கல்லூரியின் தேவையும் இயக்கங்களின் தேவையும் ஒரே மேசையில், ஒரே மாதத்தில், மக்கள் கண்ணெதிரே பேசப்படுகின்றன. பண அளவைவிட அந்த ஏற்பாடுதான் என்னைக் கவர்ந்தது.

நம் நாட்டு அமைப்பு வேறு. அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி கல்வி மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் பட்டியலில் இருக்கின்றன. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்குப் பின் நகராண்மைக் கழக உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். ஆகவே, “எங்கள் மாவட்டக் கல்லூரிக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் வந்து சேர்கிறார்களா?” என்று கேட்டால், கேள்வி யாருடையது என்பதிலேயே குழப்பம். கல்லூரி நிர்வாகம், எங்கள் பொறுப்பு வளாகத்துக்குள் என்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அங்குள்ள விரிவுரையாளர்கள் சிலர் தங்கள் சொந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தைத் திருத்தாமலே செய்யக்கூடிய காரியம் உண்டு. மாநில வரவு செலவுத் திட்டங்கள் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் சட்டமன்றத்துக்கு வருகின்றன. மத்திய நிதி அமைச்சோ தாக்கலுக்கு முன்பே பொதுமக்களின் கருத்துகளை இணையத்தில் வரவேற்கிறது. அதற்கு முன், ஜூலையிலோ ஆகஸ்டிலோ, மாவட்ட அதிகாரி ஒரு முழுநாள் கூட்டம் கூட்டலாம். கல்லூரி, நகராண்மைக் கழகம், சட்டமன்ற உறுப்பினர்கள், தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவினர், தோட்ட நிர்வாகங்கள், எல்லா இனத்தையும் சேர்ந்த பதிவு பெற்ற இயக்கங்கள் ஆகியோரை உட்காரவைத்து, இந்த மாவட்டத்தில் கல்லூரியில் இடம் எத்தனை, விண்ணப்பித்தவர் எத்தனை, சேர்ந்தவர் எத்தனை, பாதியில் நின்றவர் எத்தனை, ஏன் நின்றார்கள் என்று முதலில் எண்ணட்டும். நின்றவர்களின் காரணங்களை எழுதினாலே எந்தத் தலைப்பில் பணம் வேண்டும் என்பது தெரிந்துவிடும். எங்கள் வட்டாரத்தைப் பொறுத்தவரை போக்குவரத்துத்தான் முதல் வரியில் நிற்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தத் துன்பம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதும் இல்லை. பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்ப் பிள்ளைகள் இருவர் இரண்டு பருவம் எங்கள் வேனில்தான் போனார்கள்.

நம் இயக்கங்களைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயர்ப்பலகையோடு சரி, ஆண்டுக் கூட்டம் கிடையாது, கணக்குக் கிடையாது, மானியம் அறிவிக்கப்படும் பருவத்தில் மட்டும் உயிர் பெறும் அமைப்புகள் நம்மிடையே உண்டு. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாளுக்குள் நிர்வாகிகள் விவரத்தையும் கணக்கையும் சங்கப் பதிவிலாகாவுக்குச் சமர்ப்பிக்க வேண்டும். அதைச் செய்யாதவர்களுக்கு ஒரு சென்கூடக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கணக்கு ஒப்படைத்த இயக்கத்துக்கு, மூன்று ஆண்டுகளுக்கான ஒரே உடன்படிக்கை போட்டு, ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சுக்குள் தவணையைக் கொடுத்து, அதில் ஒரு பகுதியை வாகனத்துக்கும் ஆசிரியர் ஊக்கத்தொகைக்கும் செலவிட அனுமதிக்கட்டும். ஆண்டு நடுவில் ஓர் அதிகாரி வந்து கணக்கேட்டைத் திறந்து பார்க்கட்டும். எங்கள் ஏடு எந்த நாளும் திறந்தே இருக்கும். எந்த இயக்கத்துக்கு எவ்வளவு, எதற்காக என்ற பட்டியலை மாவட்ட அலுவலகப் பலகையில் தமிழிலும் மலாயிலும் ஒட்டட்டும். யாருக்குப் போனது என்று தெரிந்தால் வதந்திகள் பாதி குறையும்.

மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டு வரும் 100 மில்லியன் ரிங்கிட்டைப் பற்றியும் இதையே சொல்வேன். அது எந்த அமைச்சின் கீழ் இருக்க வேண்டும் என்ற விவாதம் பலமுறை நடந்துவிட்டது. தோட்டத்துப் பெற்றோருக்கு அதைவிட முக்கியமானவை இரண்டு: பணம் எந்த மாதத்தில் வருகிறது, எந்தச் செலவை அனுமதிக்கிறது. அதேபோல் உயர்கல்வி அமைச்சும் திவேட் ஒதுக்கீட்டிலிருந்து, சமூகக் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் ‘மாணவர் போக்குவரத்து’ என்று தனியாக ஒரு வரி வைக்க வேண்டும். கல்லூரியே பேருந்து வாங்கி ஓட்டினாலும் சரி, கணக்குச் சுத்தமான உள்ளூர் இயக்கத்திடம் அந்தப் பொறுப்பை எழுத்துமூலம் ஒப்படைத்தாலும் சரி. கல்லூரியையும் இயக்கத்தையும் ஒரே கயிற்றில் கட்டும் முடிச்சு அந்த ஒரு வரிதான்.

இது புதிதாக நாம் கேட்கும் சலுகை என்று சிலர் நினைக்கலாம். 1912இல் அன்றைய கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. கெடா அப்போது அந்தக் கூட்டில் இல்லை என்றாலும், கற்கும் இடம் பிள்ளைக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைய ஆட்சிக்கே இருந்திருக்கிறது. அந்தத் தோட்டப் பள்ளிகளின் தரம் எப்படி இருந்தது என்பது வேறு கதை. பிள்ளை நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருந்தது.

நம்மவர்கள் கையேந்தியே பழகியவர்கள் என்று யாரும் சொல்லிவிடவும் முடியாது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வீடிழந்து நின்ற காலத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால் மரம் சீவியவர்கள் 10 வெள்ளி, 10 வெள்ளியாகத் தவணை கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். சங்கம் முதன்முதலில் வாங்கியது எங்கள் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைத்தான். என் தந்தையாரும் கட்டியவர். அவர் இறந்த பிறகு தகரப் பெட்டியைத் திறந்தபோது, ரசீதுகள் மாத வரிசைப்படி அடுக்கி, வாழைநாரால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். எந்த ரசீது எந்த மாதத்துக்குரியது என்று ஒவ்வொரு முறையும் என்னைப் படித்துச் சொல்லச் சொல்லி அடுக்கினார். நான் கணக்கு வைக்கக் கற்றது அங்கேதான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மானியம் வழங்கும் நிகழ்ச்சிகளில் பெரிய மாதிரிக் காசோலையோடு எடுக்கும் படங்களைத் தங்கள் நாளிதழ் மரியாதையோடு வெளியிடுகிறது. அதே இயக்கத்தின் வாசலுக்கு ஆறு மாதம் கழித்துத் தங்கள் நிருபர் ஒருவர் போய், பணம் வந்ததா, எந்தத் தேதியில் வந்தது, எதற்குச் செலவானது, அதனால் எத்தனை பிள்ளைகள் படிப்பைத் தொடர்ந்தார்கள் என்று விசாரித்து எழுத ஏற்பாடு செய்யுங்கள். எங்களிடமிருந்தே தொடங்கினாலும் மகிழ்ச்சியோடு எல்லா ரசீதையும் எடுத்து வைக்கிறேன்.

காலணியைப் பையில் சுற்றிக்கொண்டு வந்த அந்தப் பெண் இப்போது தொழிற்பயிற்சிக்காக ஒரு தொழிற்சாலைக்குப் போய்வருகிறாள்; தொழிற்சாலையின் பேருந்து பெரிய சாலைக்கு வருகிறது, அதுவரை எங்கள் வேன்தான் கொண்டுபோய் விடுகிறது. அடுத்த சேர்க்கைக்கு எங்கள் மூன்று தோட்டங்களிலிருந்து ஒன்பது பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வேனின் சாலை வரியும் காப்புறுதியும் அடுத்த மாதத்தோடு முடிகின்றன. கையிருப்பு இரண்டில் ஒன்றைப் புதுப்பிக்கப் போதுமானதாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
பாடாங் செராய், கெடா.